ஆர்லிஸ் எண்ணிய மணிகள்

ஆர்லிஸ் க்வாமேக்குக் காப்பி கொடுக்க வேண்டுமென்றால் மூன்று தடவை கேட்க வேண்டும். முதல் தடவை, "ஐயோ, வேண்டாம்" என்பார். இரண்டாம் தடவை, "உங்களுக்கு எதுக்குச் சிரமம்?" என்பார். மூன்றாம் தடவை, "சரி, ஏற்கெனவே போட்டு வெச்சிருந்தா ஒரு அரைக் கப்" என்று சொல்லிவிட்டு முழுக் கப்பையும் குடிப்பார். பிறகு இன்னொன்றும் குடிப்பார். மினசோட்டாவில் பிறந்தவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நாங்கள் எல்லோரும் அப்படித்தான். இரண்டு தடவை கேட்டதோடு நிறுத்திக்கொண்ட ஒரு சித்தியைப் பற்றி எங்கள் வீட்டில் இருபது வருஷம் பேசினார்கள்.

அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு, "எந்தக் கேள்வியையும் ஒரே ஒரு தடவைதான் கேட்க வேண்டும்" என்று விதி எழுதி, அதைக் கொட்டை எழுத்தில் அச்சடித்துச் சுவரில் ஒட்டிய மடையன் நான்தான். பெயர் லைல் ஓடகார்ட். செயின்ட் பால் நகரில் ஒரு மருத்துவ ஆய்வு நிலையத்தின் தொலைபேசி அறைக்கு நான் மேற்பார்வையாளன்.

அது 1986. மாதாமாதம் சந்தா வாங்கிக்கொண்டு, நீங்கள் எந்த டாக்டரிடம் போகலாம், ஆஸ்பத்திரியில் எத்தனை நாள் படுக்கலாம், வீட்டுக்கு நர்ஸ் வரலாமா கூடாதா என்பதையெல்லாம் தானே முடிவு செய்யும் காப்பீட்டுத் திட்டங்கள் எங்கள் பக்கம் காளான் மாதிரி முளைத்திருந்த சமயம். செலவு குறைகிறது என்று அவர்கள் மார் தட்டிக்கொண்டார்கள். செலவு குறைந்தது சரி, ஆள் தேறினானா? அதைக் கண்டுபிடிப்பதுதான் எங்கள் பிழைப்பு. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவர்களை ஆறு வாரம் கழித்துக் கூப்பிட்டு, அச்சடித்த கேள்விகளை வாசித்து, வந்த பதிலைத் தாளில் குறிப்போம். அதற்கு நான்கு பேர் இருந்தார்கள். அந்த நால்வரில் ஒருவர் ஆர்லிஸ்.

மேற்கே, பால் பண்ணைகள் நிறைந்த ஒரு சின்ன ஊரில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் அந்த ஊர்த் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்க உட்கார்ந்தவர், தானியங்கி இணைப்பு வந்து நிலையத்தை மூடும்வரை எழுந்திருக்கவில்லை. யார் வீட்டில் எத்தனை தடவை மணி அடித்தால் போனை எடுப்பார்கள் என்று அவருக்கு மனப்பாடம். "பீட்டர்சன் வீட்ல நாலு தடவைக்கு மேல மணி அடிச்சா, மாடு கன்னு போடுற நேரம்னு அர்த்தம். வெச்சிட்டு அப்புறம் கூப்பிடணும்" என்பார். கணவர் டேல் போன பிறகு பண்ணையை விற்றுவிட்டு நகரத்துக்கு வந்தார். எங்களிடம் சேர்ந்தபோது அவருக்கு ஐம்பத்தைந்து வயது. கைப்பையில் எப்போதும் நாலு பென்சில். நாலும் ஒரே நீளத்தில் சீவியிருக்கும்.

அவரிடம் எனக்கு ஒரே ஒரு வயிற்றெரிச்சல்தான் இருந்தது. பத்து தடவை மணி அடித்தும் எடுக்கவில்லையென்றால், வைத்துவிட்டு "ஆள் கிடைக்கவில்லை" என்று குறிக்க வேண்டும். அதுவும் என் விதிதான். மற்ற மூவரும் பத்து எண்ணி டக்கென்று வைத்துவிடுவார்கள். ஆர்லிஸ் வைக்கவே மாட்டார். ஒரு கையில் ரிசீவர், மறு கையில் பென்சில், கண் ஜன்னலுக்கு வெளியே பனியில். அடிக்கட்டும், அடிக்கட்டும் என்று உட்கார்ந்திருப்பார்.

"ஆர்லிஸ், நேரம் போகுது."

"போகட்டும் லைல். எனக்கு அவசரமில்ல."

"எனக்கு அவசரம்!"

"அப்போ நீ போய் ஒரு காப்பி குடிச்சிட்டு வா."

நான் பல்லைக் கடித்துக்கொண்டு போவேன். எனக்கும் அவரே ஒரு கப் எடுத்து வந்து வைத்திருப்பார். அதற்கும் நான் இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லியிருப்பேன்.

அந்தக் குளிர்காலத்தில் எங்களுக்கு ஒரு பெரிய ஆய்வு வந்தது. இடுப்பு எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய அறுநூறு கிழவர் கிழவிகள். பாதிப் பேருக்கு, கேட்டாலும் கேட்காவிட்டாலும், வாரம் இரண்டு நாள் நர்ஸ் வீட்டுக்குப் போவாள். இன்னொரு பாதியிடம், வீட்டுக்குப் போகும் நாளில், "உங்களுக்கு நர்ஸ் வேண்டுமா?" என்று கேட்பார்கள். வேண்டும் என்றால் அனுப்புவார்கள், வேண்டாம் என்றால் இல்லை. அந்த முந்நூறு பேரில் வேண்டும் என்று சொன்னவர்கள் பதினொரு பேர்.

பதினொன்று! ஆறு வாரம் கழித்து நாங்கள் கூப்பிட்டுக் கேட்டால் இரண்டு பக்கமும் ஒரே பதில். வலியா? பெரிசா ஒன்றுமில்லை. நடமாட்டமா? ஏதோ நடக்கிறேன். உதவி வேண்டுமா? வேண்டாம். ஆய்வுக்குத் தலைமை தாங்கிய டாக்டர் பெல்லமி துள்ளிக் குதிக்காத குறை. பாஸ்டன்காரர், எங்கள் ஊருக்கு வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. கெட்டிக்காரர், நேர்மையானவர், வேகமாகப் பேசுவார்.

"பாத்தீங்களா லைல்? யாருக்கும் தேவைப்படாத ஒண்ணை இத்தனை வருஷமா வீடு வீடா அனுப்பிட்டிருந்திருக்கோம்!"

இரண்டாவது பாதியில் "ஆள் கிடைக்காதவர்கள்" கொஞ்சம் அதிகமாக இருந்தார்கள். அதற்கும் அவரிடம் விடை இருந்தது. "குளிருக்குப் பயந்து அரிசோனா போயிருப்பாங்க. உங்க ஊர்க் கிழங்க பாதிப் பேர் ஜனவரியில அங்கதானே கிடக்கிறாங்க?" அது உண்மைதான், நானும் தலையாட்டினேன். இடுப்பு உடைந்து ஆறு வாரம் ஆனவர் எப்படி அரிசோனா போவார் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? தோன்றவில்லை, அவ்வளவுதான். காப்பீட்டுத் திட்டத்துக்கு அறிக்கை போனால், அடுத்த மாதத்திலிருந்து மாநிலம் முழுக்க நர்ஸ் போவது நிற்கும். வேண்டும் என்று வாயைத் திறந்து கேட்பவர்களுக்கு மட்டும்தான் நர்ஸ்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. ஆர்லிஸ் வழக்கம்போல ரிசீவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருபது மணி தாண்டிவிட்டது. இன்றைக்கு இவரை ஒரு வழி பண்ணாமல் விடுவதில்லை என்று, என் மேஜையிலிருந்த கருவியில் அவர் பேச்சை ஒட்டுக்கேட்டேன். மேற்பார்வைக்காக அந்த வசதி எனக்கு உண்டு. முப்பத்தோராவது மணியில் எடுத்தார்கள்.

"ஹலோ." ஒரு கிழவரின் குரல். ஓடி வந்தவர் மாதிரி மூச்சு இரைத்தது. எமில் ஸ்வான்பெர்க், எண்பத்திரண்டு வயது, தனி ஆள், வடக்கே ஒரு பண்ணை வீட்டில் இருப்பவர்.

ஆர்லிஸ் கேள்விகளை வாசித்தார். வலி இருக்கிறதா?

"சொல்லிக்கிற மாதிரி ஒண்ணுமில்லம்மா."

வீட்டுக்குள் நடக்க முடிகிறதா?

"நடந்துதானே வந்து எடுத்தேன்."

உதவிக்கு யாராவது தேவையா?

"இல்ல இல்ல. நல்லாத்தான் இருக்கேன்."

விதிப்படி இதோடு நன்றி சொல்லிவிட்டு வைக்க வேண்டும். ஆர்லிஸ் வைக்கவில்லை. "அங்க பனி எப்படி, ஐயா?" என்றார்.

"கொட்டுது. ஜன்னல் பாதி மறைஞ்சாச்சு."

"யாராவது வந்து எட்டிப் பாத்துட்டுப் போனா உங்களுக்கு நல்லாருக்குமா?"

நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன்.

"அதெல்லாம் எதுக்கும்மா? அவங்கவங்களுக்கு ஆயிரம் வேலை."

"வேலை கிடக்கட்டும். நான் கேக்கிறேன்ல, சொல்லுங்க. ஒருத்தரை அனுப்பி வைக்கட்டுமா?"

நின்றபடியே நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு மெதுவாக வந்தது அந்தக் குரல்.

"இந்தப் பக்கமா வேற வேலையா யாராவது வந்தா... அப்படியே ஒரு எட்டு..." தொண்டையைச் செருமிக்கொண்டார். "படுக்கை மாடியில இருக்கும்மா. ஏற முடியல. சமையலறை நாற்காலியிலதான் தூங்குறேன்."

"எத்தனை நாளா?"

"ஆஸ்பத்திரியிலேருந்து வந்த நாளா."

ஆறு வாரம்! ஆர்லிஸ் போனை வைத்தார், மறு நிமிஷம் காப்பீட்டுத் திட்டத்தின் நர்ஸ் பிரிவைக் கூப்பிட்டார், அங்கிருந்த பெண்ணிடம் குரலை உயர்த்தாமல் பேசி, அன்றைக்கே ஸ்வான்பெர்க் வீட்டுக்கு நர்ஸ் போக ஏற்பாடு செய்தார். ஆய்வில் இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. கேள்வியை மாற்றியாயிற்று, பதிலைப் பிடுங்கியாயிற்று, நர்ஸ் வேண்டாம் என்று ஏற்கெனவே சொல்லிவிட்ட ஆளுக்கு நர்ஸையும் அனுப்பியாயிற்று.

என் அறைக்குக் கூப்பிட்டேன். வந்து, கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்தார்.

"என்ன பண்ணீங்கன்னு தெரியுதா?"

"தெரியும்."

"விதி தெரியுமா?"

"சுவர்ல பெரிசா ஒட்டியிருக்கியே, தெரியாம என்ன?"

"பின்னே ஏன்?"

கொஞ்ச நேரம் கைப்பையின் பூட்டைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். "டேலுக்கு நெஞ்சு வலி வந்தது. டாக்டர் புதுசு, வெளியூர். 'ஏதாவது தொந்தரவு இருக்கா?'ன்னு கேட்டார். இவர் இல்லைன்னார். அவர் எழுதிக்கிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன் லைல், இதே கைப்பையை வெச்சுக்கிட்டு. இன்னொரு தடவை கேப்பார், அப்போ சொல்லுவார்னு காத்துக்கிட்டிருந்தேன். கேக்கவே இல்ல. ஒன்பது நாள்ல போயிட்டார்." கைப்பையை மூடினார். "நீ எழுத வேண்டியதை எழுதிக்கோ."

எழுதினேன். அதைச் சொல்ல இன்றைக்கும் எனக்கு நாக்கூசுகிறது. விதி மீறல் என்று கடிதம் தட்டச்சு செய்து, ஒரு நகலை அவர் கையில் கொடுத்து, ஒன்றை டாக்டர் பெல்லமிக்கு அனுப்பினேன். பெல்லமி கோபத்தில் குதித்தார். "அந்தம்மா நிரப்பின தாளையெல்லாம் தூக்கிப் போடுங்க. எதை நம்புறது? திங்கட்கிழமை அறிக்கை போகணும். அதுக்கப்புறம் அவங்க இங்க வேண்டாம்."

ஆக, புதன்கிழமை காலை ஆர்லிஸின் நூற்றைம்பது தாள்களையும் மேஜையில் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாகக் குறுக்கே சிவப்புக் கோடு போட உட்கார்ந்தேன். மூன்றாவது தாளில் கை நின்றது. மேல் ஓரத்தில், பென்சிலில், பூச்சி மாதிரி ஒரு சின்ன எண். 6. அடுத்த தாளில் 17. அடுத்ததில் 5. அதற்கடுத்ததில் 22. எல்லாத் தாளிலும் இருந்தது. ஸ்வான்பெர்க்கின் தாளைத் தேடி எடுத்தேன். 31.

எத்தனையாவது மணியில் எடுத்தார்கள் என்று குறித்திருக்கிறார்! யாரும் கேட்கவில்லை, கேள்வித்தாளில் அதற்கு இடமும் இல்லை. தொலைபேசி நிலையத்தில் வந்த பழக்கம், விடவில்லை.

எந்தத் தாள் எந்தப் பாதியைச் சேர்ந்தது என்று ஆர்லிஸுக்குத் தெரியாது. கூப்பிடுகிற நாலு பேருக்குமே தெரியக் கூடாது என்பது ஏற்பாடு. பட்டியல் என் அலமாரியில் பூட்டிக் கிடந்தது. அதை எடுத்து வைத்துக்கொண்டு தாள்களை இரண்டு குவியலாகப் பிரித்தேன். நர்ஸ் போன பக்கம்: ஐந்து, ஆறு, நாலு, ஏழு. சராசரி ஆறு. நர்ஸ் போகாத பக்கம் சராசரி பதினாறு. வாயால் "நல்லாத்தான் இருக்கேன்" என்று ஒரே மாதிரி சொன்னவர்கள், போனருகே வந்து சேர ஒரே நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. மற்ற மூவர் பத்து மணியோடு வைத்துவிட்டு "ஆள் கிடைக்கவில்லை" என்று எழுதினார்களே, அந்த ஆட்கள் அரிசோனாவில் இல்லை. பாதிக் கூடத்தில், சுவரைப் பிடித்துக்கொண்டு, போனை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் வந்து சேர்வதற்குள் போன் நின்றுபோகும்படி விதி எழுதியவன் நான்.

அன்று மதியம் ஆர்லிஸையும் இழுத்துக்கொண்டு பெல்லமியின் அறைக்குப் போனேன். குவியல்களை மேஜையில் வைத்தேன். அவர் எண்களைப் பார்த்தார், புருவத்தை நெரித்தார்.

"ஆச்சரியமாத்தான் இருக்கு. ஆனா லைல், போன் எங்க மாட்டியிருக்கோ, யாருக்குக் காது மந்தமோ? வேணுமான்னு கேட்டோம், வேண்டாம்னாங்க. வேணும்கிறவங்க ஏன் வேண்டாம்னு சொல்லணும்? எந்த ஊர்ல அப்படிச் சொல்லுவாங்க?" என்று சொல்லிக்கொண்டே, பின்னால் திரும்பிக் காப்பிக் கூஜாவை எடுத்தார். அவர் மரியாதை தெரிந்தவர். "மிஸஸ் க்வாமே, காப்பி?"

"ஐயோ, வேண்டாம் டாக்டர்" என்றார் ஆர்லிஸ்.

பெல்லமி தலையாட்டிவிட்டுத் தன் கோப்பையில் ஊற்றிக்கொண்டார்.

நான் வெடித்துச் சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இருவரும் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

"டாக்டர், ஒரு நாளைக்கு எத்தனை கப் குடிப்பாங்கன்னு இவங்களைக் கேளுங்க."

"இவங்கதான் காப்பியே குடிக்க மாட்டாங்களே? மூணு வருஷமா கேட்டுட்டிருக்கேன்."

"சொல்லுங்க ஆர்லிஸ்."

ஆர்லிஸ் முகம் சிவந்துவிட்டது. "எட்டு. வீட்ல குடிக்கிறதைச் சேக்காம."

பெல்லமி கூஜாவைப் பிடித்தபடியே நின்றார். "அப்போ எங்கிட்ட ஒவ்வொரு தடவையும் வேண்டாம்னீங்களே?"

"ஒவ்வொரு தடவையும் ஒரு தடவைதானே கேட்டீங்க, டாக்டர்?"

பெல்லமி உட்கார்ந்தார். குவியல்களை இன்னொரு தடவை பார்த்தார், இந்தத் தடவை ஒவ்வொரு தாளாக. முப்பத்தொன்று என்று எழுதியிருந்த தாள் வந்ததும், "இவர் இப்போ எங்க தூங்குறார்?" என்று கேட்டார்.

"படுக்கையைக் கீழ இறக்கிப் போட்டாச்சு, டாக்டர். நர்ஸும் பக்கத்து வீட்டுக்காரரும் சேந்து" என்றார் ஆர்லிஸ்.

அந்த மனிதரைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அவர் பெயர் போட்ட அறிக்கை, அச்சுக்குத் தயாராக இருந்தது. தொலைபேசியை எடுத்து, "அறிக்கை வராது. நாங்க தப்புப் பண்ணிட்டோம்" என்று எங்கள் முன்னாலேயே காப்பீட்டுத் திட்டத்துக்குச் சொன்னார். வைத்துவிட்டுக் கூஜாவை மறுபடி எடுத்தார். "மிஸஸ் க்வாமே, காப்பி?"

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

"காப்பி?"

"சரி, ஏற்கெனவே போட்டது இருந்தா அரைக் கப்."

முழுக் கப் ஊற்றினார். கற்றுக்கொண்டுவிட்டார்.

"ஆள் கிடைக்காதவர்கள்" அத்தனை பேரையும் மறுபடி கூப்பிட்டோம், எத்தனை மணி அடித்தாலும் வைக்காமல். அவர்களில் நாலு பேர் இரண்டாம் தடவை விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். இரண்டு பேர் இறந்திருந்தார்கள். நர்ஸ் போயிருந்தால் பிழைத்திருப்பார்களா என்று எந்த ஆய்வும் எனக்குச் சொல்லப்போவதில்லை. அந்த இரண்டு பெயர்களும் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கின்றன. நர்ஸ் போவது நிற்கவில்லை. கேள்விதான் மாறியது. புதுக் கேள்வியை எழுதியது ஆர்லிஸ். வேண்டுமா வேண்டாமா என்பதே அதில் கிடையாது. "நர்ஸ் வருவாங்க. செவ்வாய்க்கிழமை வரட்டுமா, வியாழக்கிழமை வரட்டுமா?" அவ்வளவுதான். வீட்டுக்கு வந்தவர்களிடம், காப்பிக்குப் பாலா, சர்க்கரையா என்று கேட்கிற மாதிரி.

நான் சுவரிலிருந்த விதியைக் கிழித்தேன். என் கடிதத்தைக் கோப்பிலிருந்து எடுத்துவிடுகிறேன் என்று ஆர்லிஸிடம் சொன்னதற்கு, "எடுக்காதே. என் பிரதியை ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருக்கேன். என்னைப் பத்தி யாரும் அவ்வளவு நீளமா எழுதினதில்ல" என்றார். சிரித்தபடிதான் சொன்னார். எனக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. இன்னும் ஏழு வருஷம் அந்த அறையில் வேலை பார்த்தார். நாலு பென்சில், ஓரத்தில் சின்ன எண். கடைசியில் அந்த எண்ணுக்குக் கேள்வித்தாளிலேயே ஒரு கட்டம் வரைந்தோம்.

ஓய்வு பெற்று மூன்று வருஷம் கழித்து, நவம்பர் மாதத்து முதல் பனியில், தபால்பெட்டிக்கும் வாசலுக்கும் நடுவே ஆர்லிஸ் வழுக்கி விழுந்தார். இடுப்பு. செய்தி எனக்கு வந்தபோது அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியிருந்தார். உடனே கூப்பிட்டேன். கை தானாகவே பென்சிலை எடுத்தது. பத்து மணி. இருபது. இருபத்தாறாவது மணியில் எடுத்தார்.

"எப்படி இருக்கீங்க?"

"நல்லாத்தான் இருக்கேன்." மூச்சு இரைத்தது.

"நர்ஸ் வர்றாங்களா?"

"அதை ஏன் கேக்கிற! ஆஸ்பத்திரியில ஒரு பொண்ணு வந்து, செவ்வாயா வியாழனான்னு கேட்டுச்சு. நான் வேண்டாம்னு சொல்ல வாயைத் தொறந்தேன் லைல், சொல்றதுக்கு இடமே இல்ல. எந்த மடையன் எழுதின கேள்வி இதுன்னு கேக்கலாம்னு பாத்தேன். அப்புறம் பேசாம செவ்வாய்னுட்டேன்."

"நான் வரட்டுமா?"

"நீ எதுக்கு? பனியில வண்டி ஓட்டிக்கிட்டு..."

"வரட்டுமா?"

"உனக்கு ஆயிரம் வேலை இருக்கும்."

"ஆர்லிஸ், வரட்டுமா?"

"வர்றதா இருந்தா, காப்பிப் பொடி தீந்து நாலு நாளாச்சு" என்றார்.

அதற்குப் பிறகு வாரா வாரம் கூப்பிட்டேன். இருபத்தாறு, இருபது, பதினைந்து, பதினொன்று, எட்டு. ஆறாவது வாரம் ஆறாவது மணியில் எடுத்தார்.

"எத்தனை?" என்றார், ஹலோ கூடச் சொல்லாமல்.

"ஆறு."

"எழுதிக்கோ" என்றார் ஆர்லிஸ்.